இறுக்கிய லகான்

பிப்ரவரி 17, திங்கள்

இந்த நோட்டை எழுதச் சொன்னவர் எங்கள் குதிரையேற்றப் பள்ளியின் முதலாளி நாச்சிமுத்து. அவருடைய கோழிப் பண்ணையில் எந்தக் கொட்டகைக்கு என்ன தீவனம் என்று எழுதி வைப்பது போலக் குதிரைக்கும் எழுத வேண்டுமாம். "எழுதி வெச்சாத்தானுங்க ராவுத்தரே பின்னால ஒரு பேச்சு வராது" என்றார். நான் குதிரை பழக்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகப்போகிறது. எந்தக் குதிரையும் என்னிடம் நோட்டுக் கேட்டதில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பவர் கேட்கிறார், எழுதுகிறேன்.

இன்று காலை லாரியில் புதுக் குதிரை வந்தது. ஆறு வயதுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம். பந்தயத்தில் ஓடியவள். வேகம் குறைந்ததும் விற்றுவிட்டார்கள். காகிதத்தில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பெயர் இருக்கிறது. இறங்கியதிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தாள். லாயம் பார்க்கும் மாகாளி, "என்னடா இது, மைனாவாட்ட கத்துது" என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலாளி நிபந்தனையைச் சொல்லிவிட்டார். ஏப்ரல் 21 அன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் தொடங்குகிறது. அதற்குள் மைனா ஏறுகிறவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். இல்லையென்றால் ஈரோட்டில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார், அவரிடம் போய்விடுவாள். பேண்டு வாத்தியம், பட்டாசு, ஜெனரேட்டர், நெற்றியில் ஜிகினா. இவளுக்குப் பஸ் ஹாரன் அடித்தாலே தோல் சிலிர்க்கிறது. அங்கே போனால் ஒரு முகூர்த்த சீசன்கூடத் தாங்க மாட்டாள்.

"ராவுத்தருன்னாலே குதிரைக்காரருன்னு எங்க தாத்தா சொல்லுவாருங்க. உங்க கையில குடுத்தா ஆகாதுங்களா?" என்று கேட்டார்.

ஆகும் என்றேன். ஆகும்தான். டிசம்பரில் நடந்த அந்தச் சமாசாரத்துக்குப் பிறகு இடது தோள் கொஞ்சம் இழுக்கிறது. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

மைனாவுக்கு எல்லாப் பக்கமும் வேலை இருக்கிறது. மயில் கத்தினால் மயிலைப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோப்பில் தண்ணீர் மோட்டார் போட்டால் அது என்னவென்று விசாரிக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒரு மனிதன் நிற்கிறானே என்ற நினைப்பு மட்டும் இல்லை. எங்கள் தாசில்தார் அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் போல.

குதிரையின் கவனம் காதில் தெரியும். ஒரு காதாவது நம் பக்கம் திரும்பியிருந்தால் கேட்கிறது என்று பொருள். இரண்டும் முன்னால் விறைத்திருந்தால் நாம் அங்கே இல்லை.

அதற்கு நான் அதட்டுவதில்லை, கயிற்றைச் சுண்டுவதுமில்லை. அவள் மயிலைப் பார்க்கும் நேரத்தில் சத்தமில்லாமல் திரும்பி வேறு பக்கம் நடப்பேன். கயிறு மூக்குப்பட்டையில் இலேசாக இழுபட்டதும் ஓடிவந்து சேர்ந்துகொள்வாள். மறுபடியும் பராக்குப் பார்ப்பாள், மறுபடியும் திரும்புவேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே தோன்றிவிடும், இந்த ஆள் எப்போது எங்கே போவான் என்று சொல்ல முடியாது, ஒரு கண் வைத்திருப்பது நல்லது என்று. இன்று மாலைக்குள் இடது காது மூன்று நான்கு தடவை என் பக்கம் வந்துபோனது. கெட்டிக்காரி.

பிப்ரவரி 24, திங்கள்

"ஹோ" என்றால் நிற்கிறாள். நான் நின்றால் நிற்கிறாள். நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினால் பின்னால் போகிறாள். சேணம் போட்டேன், அது அவளுக்குப் பழகிய சாமான், கண்டுகொள்ளவே இல்லை. நாளை ஏறிவிடலாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சேணத்தின் வயிற்று வாரில் தையல் விட்டிருக்கிறது. உக்கடத்துக்குத் தைக்க அனுப்பினேன். ஏறவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

வார் வந்துவிட்டது. இன்று ஒரே காற்று.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. சஹருக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு யோசித்தேன். வெறும் வயிறு, தண்ணீரும் குடிக்காத உடம்பு, இந்த நிலையில் புதுக் குதிரைமேல் ஏறுவது அவளுக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல. இந்த மாதம் முழுக்கத் தரைப் பயிற்சி என்று முடிவு செய்துவிட்டேன். ரஹ்மத்திடம் சொன்னேன்.

என் மனைவி ரஹ்மத் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் விடையைப் போட்டுப் பார்க்காமல் விட மாட்டாள். "போன வருஷ நோன்புல கட்டை தாண்டுற போட்டிக்கே போய்ட்டு வந்தீங்களே. நோன்பு தொறக்குற நேரத்துக்குக் கோப்பையோட வந்து நின்னீங்க" என்றாள்.

போன வருடம் எனக்கு நாற்பத்தாறு வயது, இந்த வருடம் நாற்பத்தேழு என்றேன். சிரித்துக்கொண்டே பேரீச்சம்பழத்தை டப்பாவில் போட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

மைனாவைப் போலத் தரையில் பழகிய குதிரையை நான் பார்த்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். நீலத் தார்ப்பாயைத் தரையில் விரித்து அதன்மேல் நடத்தினேன். காலி டின்களைக் கயிற்றில் கட்டி இழுத்தேன். மாகாளியை விட்டுத் தட்டைத் தட்டச் சொன்னேன். நின்ற இடத்தில் நிற்கிறாள், காதை மட்டும் என் பக்கம் திருப்பி, என்ன செய்யலாம் என்று கேட்கிறாள். நான் சும்மா இருந்தால் அவளும் சும்மா இருக்கிறாள். இவளை முதல் நாள் பார்த்தவர்கள் யாரும் இதே குதிரை என்று சொல்ல மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் இன்னொரு பயிற்சியாளர் இருக்கிறாள், ஜெர்லின். நாகர்கோவில் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது, உட்காரும் தோரணை நன்றாக இருக்கும். வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "மாஸ்டர், இவ ரெடின்னு தோணுது. நான் ஏறிப் பாக்கட்டா?" என்றாள்.

இன்னும் நாள் ஆகவில்லை என்றேன். அப்படிச் சொன்னபோது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவள் மைனாவின் மூக்கைத் தடவிவிட்டுப் போனாள். என் குதிரை மூக்கை அவள் ஏன் தடவ வேண்டும்?

மார்ச் 15, சனி

நாள் சரியில்லை.

முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். யாராவது ஏறிக் காட்டுங்கள், வீடியோ எடுத்து முகாம் விளம்பரத்தில் போட வேண்டும் என்றார். நோன்பு என்றேன். "அட ஆமாங்க, உங்களச் சொல்லுலீங்க" என்று ஜெர்லினைக் கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மைனாவின் பின்னங்காலைத் தூக்கி லாடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடை நன்றாக இருந்தது. டிராட் என்கிற துள்ளோட்டமும் நன்றாக இருந்தது. சாலைப் பக்கம் திரும்பும்போது ஒரு நாய் வேலிக்குள் நுழைந்து குரைத்தது. மைனா தலையைத் தூக்கினாள், அவ்வளவுதான். ஜெர்லின் கையிலிருந்த லகான் வாரைச் சுருக்கிப் பிடித்தாள். அடுத்த நிமிடம் மைனா பறந்துகொண்டிருந்தாள். அவள் இழுக்க இழுக்க இவள் கழுத்தை நீட்டிக்கொண்டு வேகம் எடுத்தாள். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தீவனக் கொட்டகைச் சுவர் முன்னால்தான் நின்றாள். ஜெர்லின் விழவில்லை. அல்லா காப்பாற்றினான். இறங்கியபோது அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது.

முதலாளி செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சொன்ன பேச்சு கேக்காத குதிரைங்க இது. கொழந்தைங்களுக்கு எப்படிங்க குடுக்கறது?" என்றார்.

தப்பு முழுக்க ஜெர்லின்மேல்தான். கை கெட்டி, லகானை இளக்கிப் பிடிக்கத் தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

அதை அவளிடமே சொன்னேன். மாகாளி முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

"கை கெட்டின்னா நீங்க ஏறிக் காட்டுங்க மாஸ்டர். பாத்துப் படிச்சிக்கிடுதேன்" என்றாள். கோபத்தில் சொன்னதுதான். சொன்னதும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் அப்படிச் சொல்ல வரல" என்றாள். எப்படிச் சொல்ல வரவில்லை? அவள் எதை நினைத்துக்கொண்டு அப்படித் தடுமாறினாள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 22, சனி

தோள் டாக்டரிடம் போனேன். கையை மேலே தூக்கச் சொன்னார், பின்னால் மடக்கச் சொன்னார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காறை எலும்பு நல்லாச் சேர்ந்திருச்சு. இனி என்ன வேணா செய்யலாம் நீங்க" என்றார். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்று நானே கேட்டேன். உங்கள் விருப்பம் என்றார்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். தொழுதுவிட்டு வந்து பிரியாணி. ரஹ்மத்தின் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். "மச்சான், டிசம்பர்ல அந்தச் சுல்தான் குதிரை கட்டை தாண்டும்போது உங்கள எப்படித் தூக்கி எறிஞ்சுதுன்னு எங்க ஆபீஸ்ல சொன்னா நம்பவே மாட்டேங்குறாங்க" என்று கறித்துண்டைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தான். கட்டையும் என்மேல் விழுந்தது, குதிரையும் என்மேல் விழுந்தது என்று கையை ஆட்டி ஆட்டி விவரித்தான். அன்றைக்கு அவன் அங்கே இல்லவே இல்லை. குதிரை முழுதாக விழவில்லை. விழ வந்தது. அதன் வயிறு என் முகத்துக்கு மேலே வந்ததைப் பார்த்தேன். நான் எழுந்து தயிர்ப் பச்சடி எடுக்க உள்ளே போனேன்.

எல்லோரும் போன பிறகு பிரியாணித் தேக்சாவைக் கழுவிக்கொண்டே ரஹ்மத் சொன்னாள்: "பயமா இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. நான் என்ன வெளிய போய்த் தமுக்கா அடிக்கப் போறேன்?"

எலும்பு இன்னும் முழுதாகச் சேரவில்லை என்றேன்.

சரி என்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்ததே அவள்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று ஏறினேன்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். மாகாளி மட்டும் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தான். சேணம் போட்டு, முதல் தடவையாக நானே கடிவாளம் மாட்டினேன். அங்கவடியில் காலை வைத்து ஏறி உட்கார்ந்தேன். மைனா சும்மா நின்றாள். எனக்கு வாய் உலர்ந்திருந்தது. வெயில்.

கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நடையில் ஒரு அவசரம் வந்தது. எதுவும் குறுக்கே வரவில்லை, நாய் இல்லை, மயில் இல்லை, காற்றுகூட இல்லை. லகானைச் சுருக்கினேன். அவள் வேகமானாள். இன்னும் சுருக்கினேன், இன்னும் வேகமானாள். கொட்டகைச் சுவர் வந்ததும் நின்றாள். நான் இறங்கினேன். சரியாகச் சொல்வதென்றால் வழுக்கிக்கொண்டு கீழே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மாகாளி எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பீடி பற்ற வைத்தான்.

இந்தக் குதிரை கேட்காது. தரையில் கேட்கும், மேலே உட்கார்ந்தால் கேட்காது. சில குதிரைகள் அப்படித்தான். நான் என்ன செய்ய முடியும்?

ஏப்ரல் 4, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் முதலாளிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பழக்கிப் பார்த்துவிட்டேன், ஏறுகிறவர் சொல்வதை இது கேட்காது, கொடுத்துவிடுங்கள் என்றேன். "நீங்களே சொல்லிட்டீங்கன்னா அப்பறம் என்னங்க. ஞாயித்துக்கெழம வண்டி வரச் சொல்லீர்றேன்" என்றார். ஈரோட்டுக்காரர் கடிவாளம் மாட்டி ஒரு போட்டோ கேட்டிருக்கிறாராம், எடுத்து அனுப்பச் சொன்னார்.

போனை வைத்ததும் உடம்பு இலேசானது. அப்படி இலேசானது எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிவாசலில் என்ன ஓதினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜெர்லினிடம் மாகாளி சொல்லியிருக்கிறான். மாலையில் எதிரே வந்தபோது எனக்கு வணக்கம் வைக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

போட்டோவுக்காகக் கடிவாளம் மாட்டினேன். படம் எடுத்து முடித்ததும் கழற்ற மனம் வரவில்லை. லகானைக் கையில் பிடித்துத் தோப்புப் பக்கம் நடத்திக்கொண்டு போனேன். அவள் தலை என் தோளுக்குப் பக்கத்தில். இடது காது என்னிடம். நாளைக்கு இந்த நேரம் ஈரோட்டில் எங்கே கட்டிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு தென்னை மட்டை விழுந்தது. பெரிய சத்தம். மைனா அசையவில்லை. டின்னும் தட்டும் தார்ப்பாயும் பார்த்தவள், மட்டையெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டா? அலறியடித்தவன் நான்தான். கை தானாக லகானை இறுக்கிப் பிடித்தது. உடனே அவள் முன்னால் பாய்ந்தாள். என்னை நாலு எட்டு இழுத்துக்கொண்டு போனாள். நான் தடுமாறி விழுந்து லகானை விட்டுவிட்டேன்.

விட்டதும் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சரியாகத்தானே செய்தேன், ஏன் கீழே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பது போல இருந்தது.

எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் லகானைப் பிடித்தேன். இறுக்கினேன், பாய்ந்தாள். தளர்த்தினேன், நின்றாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பந்தயத்தில் ஜாக்கி எழுந்து நின்று லகானை இறுக்கிப் பிடிப்பான். குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு வேகம் எடுக்கும். பிடி இறுகினால் ஓடு. பந்தயம் முடிந்ததும் பிடியை விட்டுவிடுவான். பிடி தளர்ந்தால் போதும், நில். இது குதிரைக்காரன் எவனுக்கும் தெரிந்த விஷயம். புதிதாகச் சேர்பவர்களுக்கு நானே கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுப்பேன். பந்தயக் குதிரை வந்தால் முதல் வேலை கடிவாளத்தை மாட்டி, மேலே உட்கார்ந்து, இந்தப் பாடத்தை மாற்றிச் சொல்லிக்கொடுப்பது.

அந்த முதல் வேலையைத்தான் நான் செய்யவில்லை. ஒன்றரை மாதம் வாயில் இரும்பு இல்லாமல் மூக்குப்பட்டைக் கயிற்றில் பழக்கினேன். கயிறு நான் சொல்லிக்கொடுத்த பாஷையைப் பேசியது. கடிவாளம் பழைய பாஷையையே பேசிக்கொண்டிருந்தது. கடிவாளம் மாட்டினால் ஏற வேண்டியிருக்கும், அதனால் மாட்டவில்லை.

ஜெர்லின் பயந்து இழுத்தாள், மைனா ஓடினாள். நான் பயந்து இழுத்தேன், ஓடினாள். எங்கள் இரண்டு பேரைவிட அவள்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுதிவிட்டேன். பயந்து என்று எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வண்டி காலையிலேயே வந்துவிட்டது. பலகையை இறக்கி வைத்திருந்தார்கள். முதலாளி, ஜெர்லின், மாகாளி, ஈரோட்டிலிருந்து வந்த இரண்டு பேர். நான் மைனாவின் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"இத அனுப்ப வேண்டாங்க" என்றேன்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே பேச்சு கேக்காதுன்னு சொன்னீங்க?"

"கேக்குதுங்க. நான் சொன்னதத்தான் கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓடுன்னு."

அவருக்குப் புரியவில்லை. லகான் விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். கோழி வளர்ப்பவருக்கு உயிர்களைப் பற்றிச் சொன்னால் புரியும். ஆனால் அடுத்த கேள்வியையும் சரியாகக் கேட்டார். "அது குதிரைக்காரங்க எல்லாத்துக்கும் தெரிஞ்ச விசயம்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் ஏனுங்க இறுக்குனீங்க? அவ்வளவு நாளும் ஏனுங்க ஏறுல?"

தோள், நோன்பு, காற்று, வார், எல்லாம் வாய்க்கு வந்தன. ஈரோட்டுக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பயமுங்க" என்றேன். "டிசம்பர்ல விழுந்ததுல இருந்து எந்தக் குதிரை மேலயும் நான் ஏறுல. அன்னிக்கு ஒரு தடவ ஏறுனேன். ஏறுன ஒடனே கை இறுகிப் போச்சு. அது மேல பழியப் போட்டுட்டேன்."

ஜெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சூடாக இருந்தது. ராவுத்தர் என்று இவர்கள் அழைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒருவன் நிமிர்ந்து உட்காருவான், அவன் இறங்கிப் போய்விட்டான்.

முதலாளி, "ஏறிக் காட்டுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஏறினேன். லகானை நீளமாக விட்டேன். அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எழுதத் தெரியவில்லை. பிடித்துக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான், அதைத்தான் விட வேண்டும். மைனா நடந்தாள். பாதி மைதானத்தில் லாரி டிரைவர் என்ன நினைத்தானோ இஞ்சினைப் போட்டான். அது தடதடவென்று உறுமியது. அவள் முதுகு எனக்குக் கீழே இறுகியது. விரல்கள் மூடிக்கொள்ளப் பார்த்தன. லகானைப் பிடரிமேல் போட்டுவிட்டு அவள் கழுத்தில் கையை வைத்தேன். இரண்டு எட்டு வேகமாக வைத்தாள், பிறகு நடந்தாள், பிறகு நின்றாள்.

முதலாளி வண்டியைத் திருப்பி அனுப்பினார். அதோடு விடவில்லை.

"சரிங்க ராவுத்தரே, கேக்கறேன். கொழந்தைங்க ஏறுனா பயப்படுவாங்க. பயந்தா இழுப்பாங்க. இது ஓடும். அப்படித்தானுங்களே?"

அப்படித்தான் என்றேன்.

"அப்பறம் முகாமுக்கு எப்படிங்க ஆகும்?"

முகாமுக்கு ஆகாது, எனக்கு அவகாசம் வேண்டும் என்றேன். யோசித்தார். பள்ளிக்கூடம் திறக்கும் வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் லகானை இறுக்கினால் நிற்கிற குதிரையாக மாற வேண்டும். அதற்குப் பிறகும் இதே கதை என்றால் ஈரோடுதான், மறுபேச்சு இல்லை. முகாமை ஜெர்லின் நடத்தட்டும். "தப்பா நெனச்சுக்காதீங்க. மாஸ்டருக்கே பயம்னு தெரிஞ்சா பெத்தவங்க புள்ளைங்கள விட மாட்டாங்க."

தப்பாக நினைக்கவில்லை. வலித்தது. பத்து வருடமாக நான் நடத்திய முகாம்.

வீட்டுக்கு வந்து ரஹ்மத்திடம் சொன்னேன், பயம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதை. உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைக்காமலேயே வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சட்டையெல்லாம் ஈரம். நாற்பத்தேழு வயதில் அழுதேன்.

ஏப்ரல் 21, திங்கள்

முகாம் தொடங்கிவிட்டது. மைதானத்தில் ஷாமியானா, தொப்பி போட்ட பிள்ளைகள், பெற்றோர்களின் கார்கள். ஜெர்லின் நன்றாகத்தான் செய்கிறாள். கொஞ்சம் சத்தம் போடுகிறாள், அது சரியாகிவிடும். காலையில் வந்து, "மாஸ்டர், பிள்ளைங்களுக்கு மொதல்ல எதச் சொல்லணும்?" என்று கேட்டாள். உனக்குத் தெரியாதா என்றேன். தெரியும், சும்மா கேட்டேன் என்றாள். நல்ல பெண்.

நானும் மைனாவும் தோப்போரத் திடலில். தினமும் ஒரே பாடம். நடக்கும்போது லகானை இலேசாக எடுப்பேன், கூடவே "ஹோ" என்பேன். அந்தச் சொல்லுக்கு அவள் நிற்பாள். நின்ற உடனே தளர்த்திவிடுவேன். அவளுடைய பழைய பாடத்துக்கு மேலே புதிய பாடத்தை ஒட்டுகிற வேலை. ஒட்டினாலும் பழையது உள்ளே இருக்கும். ஏறும்போது ஒவ்வொரு நாளும் அந்தப் பயம் வருகிறது. ஏறிய பிறகும் முழுதாகப் போவதில்லை. அவளுக்கு அது தெரிகிறது. எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரிகிறது என்று. சேர்ந்து நடக்கிறோம்.

மே 2, வெள்ளி

"ஹோ" சொல்லாமல் லகானை எடுத்தேன். யோசித்தாள். அந்த யோசனை நடுவில் எனக்கு உயிரே இல்லை. பிறகு நின்றாள். இறங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாகாளி பார்த்தான், பார்க்கட்டும்.

மே 9, வெள்ளி

டிராட்டில் இரண்டு தடவை நின்றாள், ஒரு தடவை ஓடினாள். ஓடியபோது நான் விட்டுவிட்டேன், நின்றுவிட்டாள். முதலாளி கேட்டால் என்ன சொல்வது? மூன்றுக்கு இரண்டு தடவை நின்றால் பிள்ளைகளுக்குப் போதாது.

மே 14, புதன்

மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. நாங்கள் டிராட்டில் போய்க்கொண்டிருந்தோம். கோடைக் காற்று ஒன்று திடீரென்று வந்து ஷாமியானாவைப் பிடுங்கிவிட்டது. அந்தப் பெரிய சிவப்புத் துணி கம்புகளோடு காற்றில் எழும்பித் திடலுக்குள் வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். துணி என் முகத்துக்கு மேலே வந்தது. மேலே மறுபடியும் அந்தக் குதிரையின் வயிறு வருவதைத்தான் பார்த்தேன்.

நான் பழக்கியது எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. விட வேண்டும் என்று தெரியவில்லை, மெதுவாக எடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. ஏதோ கத்தினேன். இரண்டு கையாலும் லகானை நெஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒரு குதிரைக்காரன் என்னவெல்லாம் செய்யக்கூடாதோ அவ்வளவையும் ஒரே நேரத்தில் செய்தேன். முகாமுக்கு வந்த ஆறு வயதுப் பிள்ளைகூட அவ்வளவு மோசமாகப் பயந்திருக்காது.

மைனா நின்றாள்.

துணி எங்களைத் தாண்டிப் போய் வேலியில் மாட்டிக்கொண்டது. அவள் நாலு காலையும் ஊன்றி, நடுங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணைத் திறந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மூச்சு விட்டாள். நானும் விட்டேன்.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், என் கையில் லகான் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தார். "அவ்வளவு இழுத்தும் நின்னுபோச்சுங்களே" என்றார். பிறகு செல்போனை எடுத்து, என் எதிரிலேயே ஈரோட்டுக்காரரைக் கூப்பிட்டு, குதிரை கொடுப்பதாக இல்லை என்று சொன்னார்.

பெரிய பெரிய தூறல் விழ ஆரம்பித்தது. "எறங்குங்க ராவுத்தரே, மழை வருது" என்றார்.

எனக்கு இன்னும் நடுக்கம் நிற்கவில்லை. இன்னொரு சுற்று போய்விட்டு வருகிறேன் என்றேன்.